இலங்கைப் போர்த்துக்கேயம்: ஒலியும் எழுத்தும்

இலங்கைப் போர்த்துக்கேயம் கிழக்குக் கரையில் வாழும் பறங்கியரின் வீட்டு மொழி. மட்டக்களப்பே அதன் தலையாய இருப்பிடம். வடக்கே திருகோணமலைத் துறைமுக நகரிலும், குறிப்பாகப் பாலையூற்றுப் பகுதியில், அதைப் பேசும் குடும்பங்கள் உண்டு. சொற்களில் பெரும்பாலானவை போர்த்துக்கலிலிருந்து வந்தவை. அவற்றைக் கோத்த முறையோ தமிழின் சாயல் கொண்டது.

போர்த்துக்கேயர் இலங்கைக்கு முதலில் வந்தது 1505இல். திருகோணமலையில் அவர்களின் ஆட்சி மிகக் குறுகியது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. ஆயினும் மொழி ஆட்சியோடு போகவில்லை. போர்த்துக்கேய ஆண்களும் உள்ளூர்ப் பெண்களும் அமைத்த குடும்பங்களில் அது தாய்மொழியாகிவிட்டிருந்தது. கரையோர நகரங்களில் பல இனத்தார் பேசிக்கொள்ளும் பொதுமொழியும் அதுவே. ஒல்லாந்த ஊழியர் பலர் இக்குடும்பங்களில் மணம் செய்ததால், அவர்களின் பிள்ளைகளும் அதையே பேசி வளர்ந்தனர். தம் மொழியைப் பரப்ப ஒல்லாந்த அரசு செய்த முயற்சி பலிக்கவில்லை.

கிழக்கில் தமிழ் பேசுவோரிடையே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததால் இம்மொழியின் இலக்கணம் மாறியது. வினை வாக்கியத்தின் இறுதிக்கு வந்தது. 'க்கு', 'ஐ' என்னும் தமிழ் உருபுகளின் வேலையை, பெயருக்குப் பின் ஒட்டும் 'ப' செய்கிறது. இது 'பாரா' என்னும் போர்த்துக்கேய முன்னிடைச்சொல்லின் தேய்வு. காலம் காட்டும் முறை மட்டும் பழைய வழியிலேயே நின்றது. தமிழில் கால இடைநிலை வினைப்பகுதிக்குப் பின் வரும். இங்கே அது முன் வருகிறது. 'பாப்பியா' என்றால் பேசு. இறந்தகாலத்துக்கு 'ஜா', நிகழ்காலத்துக்கு 'த', எதிர்காலத்துக்கு 'லோ' அதன் முன் சேரும்.

ஒலிகளிலும் இரு மரபும் கலந்துள்ளன. தமிழைப் போலக் குறில் நெடில் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தின் 'கேட்' (பூனை) என்னும் சொல்லில் கேட்கும் அகன்ற உயிரொலியும் உண்டு. 'ஃப' போன்ற, தமிழுக்கு இயல்பல்லாத மெய்யொலிகள் நிலைத்துள்ளன. கொடுக்கல் வாங்கல் மறுபக்கமும் நடந்தது: கதிரை, சப்பாத்து, குசினி, பாண், துவாய் ஆகியவை ஈழத்தமிழுக்குப் போர்த்துக்கேயம் தந்தவை.

எழுத்து மரபு பிரித்தானியர் காலத்தில் வலுப்பெற்றது. 1811இல் பெரெங்கரின் இலக்கணக் கையேடும், 1819இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த ஃபொக்ஸின் அகராதியும் கொழும்பில் அச்சாயின. நியூஸ்டெட் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1826இல் வெளிவந்தது. இவற்றின் எழுத்துக்கூட்டல் பெரிதும் ஐரோப்பியப் போர்த்துக்கேயத்தைத் தழுவியது. பேச்சின் உண்மையான ஒலியை அது முழுமையாகக் காட்டவில்லை. அதே நூற்றாண்டில் கிழக்கிலங்கையில் இம்மொழியில் பாடப்பட்ட பாடல்களைச் சேகரித்த ஹியூ நெவிலின் கையெழுத்துப் படி இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. கோவாவைச் சேர்ந்த பாதிரியார் டல்காடோவின் ஆய்வு 1900இல் லிஸ்பனில் வெளிவந்தது.

மட்டக்களப்புப் பேச்சின் ஒலியமைப்பை இயன் ஸ்மித் 1977இல் முறையாக ஆராய்ந்தார். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஊகோ கார்டோசோவும் குழுவினரும் 2010களில் திருகோணமலை உள்ளிட்ட கிழக்கு நகரங்களில் இம்மொழியைப் பதிவுசெய்தனர். மொழியினரிடையே பொதுவான எழுத்துமுறை வேரூன்றவில்லை. பாடல்களைத் தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்துக்கூட்டலிலோ குறித்துவைக்கின்றனர். தமிழில் எழுதினால் 'ப' என்னும் ஒரே எழுத்து இரண்டு ஒலிகளைச் சுமக்க வேண்டும். ஆங்கில வழியில் எழுதினால் குறிலும் நெடிலும் குழம்பும்.

பறங்கியர் பலர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 2004 ஆழிப்பேரலை மட்டக்களப்பின் டச்பார் குடியிருப்பைக் கடுமையாகத் தாக்கியது. இளையோர் தமிழையும் ஆங்கிலத்தையுமே பெரிதும் பயன்படுத்துகின்றனர். திருமண வீடுகளில் ஆடிப்பாடும் கஃப்ரிஞ்ஞா, இம்மொழி பொதுவெளியில் இன்றும் கேட்கும் முக்கிய இடமாக உள்ளது. பள்ளிப் பாடமோ அரசு ஆதரவோ இன்றி நானூறு ஆண்டுகளாக இம்மொழியைக் காத்தவை வீட்டுப் பேச்சும் பாட்டுமே.