வாக்குரிமை இல்லாதவர்களின் கடிதங்கள்

மர்மக் கதைதானே, படித்துவிட்டுத் தூக்கி எறியும் பண்டந்தானே என்று உதட்டைப் பிதுக்கும் புலவர் பெருமக்கள் உண்டு. பிரெஞ்சு நாட்டை ஆண்டோர் அப்படி எண்ணவில்லை. 1850 ஜூலையில் அவர்கள் ஒரு சட்டம் செய்தனர்: தொடர்கதை வெளியிடும் ஏடு எதுவாயினும், அதன் ஒவ்வொரு படிக்கும் 1 சான்டீம் வரி! உப்புக்கு வரி கேட்டிருக்கிறோம், கதைக்கு வரி கேட்டதுண்டா? ஆளுவோர் கதையைக் கண்டு அஞ்சினரா? இல்லை, கதையைப் படித்தவர்களைக் கண்டு அஞ்சினர். அந்த அச்சம் பிறந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்ளல் நன்று.

1842 ஜூன் 19ஆம் நாள் ‘ஜூர்னால் தே தெபா’ எனும் பாரிஸ் நாளேட்டிலே ‘பாரிசின் மர்மங்கள்’ என்ற தொடர்கதை தொடங்கிற்று. எழுதியவர் யூஜின் சூ. கப்பற்படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். தந்தை விட்டுச் சென்ற செல்வத்தைச் செலவிட்டு, சீமான்களின் விருந்து மண்டபங்களிலே உலவிய உல்லாசப் பேர்வழி. ஏடோ, லூயி பிலிப் மன்னனின் ஆட்சிக்குப் பக்கபலமாக நின்ற ஏடு. பழைய பாரிஸ் ஏடுகளின் ஆண்டுச் சந்தா 80 பிராங்க். கூலிக்காரன் கனவிலும் கட்டவியலாத தொகை. சீமான் எழுதி, சீமான்கள் படிக்க, சேரியின் இருட்டை வேடிக்கை காட்டும் கதை: இப்படித்தான் அது தொடங்கிற்று.

ஆனால் ஏடு சந்தாதாரர் வீட்டோடு நின்றதா? படிப்பகங்களிலே காசு கொடுத்து நேரக் கணக்கில் ஏடு படிக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அங்கே வரிசை நீண்டது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு, பெயரறியாதவரிடமிருந்து முகமறியாதவருக்கு, அந்த ஒரே படி போய்க்கொண்டே இருந்தது. பட்டறையிலே படிக்கத் தெரிந்தவன் உரக்கப் படித்தான். படிக்கத் தெரியாதவர்கள் சூழ்ந்திருந்து கேட்டனர். கதை முடியும்வரை சாவைத் தள்ளிப்போட்டனர் நோயாளிகள் என்று கவிஞர் கோத்தியே கேலி பேசும் அளவுக்குப் பாரிசையே பிடித்தாட்டிற்று அந்தக் கதை. 1843 அக்டோபர் 15இல்தான் அது முடிந்தது.

கொலை, கொள்ளை, மாறுவேடம், ஆள்கடத்தல் எல்லாம் அதில் உண்டு. அத்தோடு மோரெல் என்றொரு தொழிலாளியும் உண்டு. வைரம் பட்டை தீட்டுபவன். செல்வர்களின் கற்கள் அவன் கையிலே மின்னுகின்றன. அதே பரண் அறையிலே அவன் பிள்ளைகள் பசியிலும் குளிரிலும் துடிக்கின்றனர். கடனுக்காக அவனைச் சிறைக்கு இழுக்க வருகின்றனர். அவன் மகளையோ, ஊரார் பக்திமான் என்று போற்றும் பத்திர எழுத்தர் ஒருவன் சீரழிக்கிறான். துப்பறியும் ஆவலோடு ஏட்டைப் பிரித்த பாட்டாளி, அங்கே தன் வீட்டையே கண்டான்! கண்டவன் எழுதுகோலை எடுத்தான்.

கடிதங்கள் குவிந்தன. எழுதியோர் எல்லோரும் ஏழைகள் அல்லர்; மருத்துவர், வழக்கறிஞர், உயர்குடிப் பெண்டிர் எனப் பலர். ஃப்ளேர்-த-மாரி என்னும் அபலைப் பெண்ணைச் சாகவிடாதீர் என்று மன்றாடினர் சிலர். (ஆசிரியர் கேட்கவில்லை, அவளைச் சாகடித்தார்.) சிறைச்சாலையை இப்படித் திருத்தலாம், வேலையற்றோரை இப்படிக் காக்கலாம் என்று திட்டம் தீட்டியனுப்பினர் சிலர். எழுத்துப் பிழை மலிந்த கடிதங்களிலே பட்டினியை எடுத்துரைத்து உதவி கோரினர் சிலர். கதை மாந்தரை மெய்யானவரென்றே நம்பியோரும் இருந்தனர். தொழிலாளர் தாமே நடத்திய ‘மக்கள் தேன்கூடு’ எனும் ஏடு அவரைப் பாராட்டிற்று. அவரும் அதற்கு மடல் எழுதினார். சவினியன் லாப்வாந்த் எனும் செருப்புத் தொழிலாளிக் கவிஞர் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டார். படித்தவர் எழுத எழுத, கதையின் போக்கே மாறிற்று. வேடிக்கை குறைந்தது, வழக்காடுதல் மிகுந்தது. ஏழைக்கு எட்டாத நீதிமன்றம், கடன் சிறை, அடகுக் கடை வட்டி ஆகியவை பற்றியெல்லாம் கதைக்கு நடுவே வாதாடலானார் ஆசிரியர்.

அந்நாளில் மூன்றரைக் கோடி மக்கள் வாழ்ந்த அந்நாட்டிலே வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 2½ லட்சம் பேரே என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். வரி கட்டும் வளமுடையோருக்கே வாக்கு. மற்றவனுக்குக் கிடைத்த வாக்குச்சீட்டு, கதாசிரியருக்கு எழுதிய கடிதம்!

குறை இல்லாத கதையா? இல்லை. ஏழையைக் காக்க அதிலே வருபவன் ரொடால்ஃப் எனும் இளவரசன். மாறுவேடத்தில் வருவான், அள்ளிக் கொடுப்பான், கொடியவனின் கண்ணைக் குருடாக்கித் திருந்து என்பான். அவதாரம் வந்து ரட்சிக்கும் என்று கைகட்டிக் காத்திருக்கச் சொல்லும் புராணத்துக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு? மார்க்சும் எங்கெல்சும் 1845இல் ‘புனிதக் குடும்பம்’ நூலிலே இந்த இளவரசனின் தருமத்தைத் தோலுரித்தனர். அவர்கள் கூறியது சரி. ஆனால் இளவரசனை நம்பச் சொன்ன கதை, படித்தவனைப் பேசவும் வைத்தது. அதையும் நாம் கணக்கிலே சேர்க்கிறோம்.

கடலும் தடுக்கவில்லை. 1844இலேயே இலண்டனில் ரெயினால்ட்ஸ் ‘இலண்டனின் மர்மங்கள்’ எழுதத் தொடங்கினார். அவர் பின்னர் சாசன இயக்கத்தின் மேடையேறி, உழைப்பவனுக்கு வாக்குரிமை கேட்டவர். அவருடைய கதைகளைத் தழுவித்தான் நம் ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் நாவல்கள் பல எழுதினார். ரகசியமும் சதியும் தமிழுக்கு வந்து சேர்ந்தன; சாசனக்காரர் குரல் வழியிலேயே தங்கிவிட்டது போலும்!

சூவிடம் திரும்புவோம். உல்லாசி சமதர்மம் பேசலானார். 1848 புரட்சியிலே மன்னன் ஓடினான். ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1850 ஏப்ரல் இடைத்தேர்தலிலே சூ நின்றார். பாரிஸ் அவரையே தேர்ந்தெடுத்தது. பணம் படைத்தோர் பதறினர். மே 31ஆம் நாள் புதுச் சட்டம் வந்தது. ஒரே இடத்தில் மூன்றாண்டு குடியிருந்தோர்க்கே வாக்கு என்றது. வேலை தேடி ஊர் ஊராய் அலைபவன் எங்கே மூன்றாண்டு தங்குவான்? ஏறத்தாழ 30 லட்சம் பேர் பட்டியலிலிருந்து வீழ்ந்தனர். அடுத்த ஜூலையிலே கதை வரி.

1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவர்ந்தான். சூ நாடு கடந்து, அன்று பிரெஞ்சு நாட்டைச் சேராதிருந்த சவாய் மாநிலத்து அன்னெசியிலே வாழ்ந்து, 1857 ஆகஸ்டில் அங்கேயே மறைந்தார். மன்னரும் மதகுருமாரும் மக்களை வருத்திய கதையாக அவர் எழுதிய ‘மக்களின் மர்மங்கள்’ நூலை அழிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது, அவர் மறைந்த மறுமாதம்.

கடிதங்களை எவரும் அழிக்கவில்லை. பாரிஸ் நகர வரலாற்று நூலகத்திலே நூற்றுக்கணக்கில் அவை கிடந்தன. 1998இல் இரண்டு தொகுதிகளாக அச்சேறின, வைரத் தொழிலாளி மோரெலுக்காகக் கண்ணீர் வடித்தவர்களின் எழுத்துப் பிழைகளோடு.