ஐந்து பவுண்டும் மூன்று ஜாகிர்களும்

மாதாமாதம் 5ஆம் தேதி என் வங்கிக் கணக்கிலிருந்து 800 ரூபாய் எங்கோ இருக்கும் ஒரு குழந்தைக்காகப் போகிறது. பெங்களூரில் ஒரு மால் வாசலில், கழுத்தில் அடையாள அட்டையோடு நின்ற பையன் நீட்டிய டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டதன் விளைவு. திரையில் ஒரு சிறுமியின் முகம் இருந்தது. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. வரிச்சலுகை ரசீது வருமா என்று மட்டும் கேட்டேன்.

ஒரு முகத்தைக் காட்டி ஊராரிடம் கையேந்தும் இந்த வழக்கத்தைப் பெரிய அளவில் தொடங்கியவர்களில் ஒருவர் எக்லன்டைன் ஜெப். 1919இல் போர் முடிந்திருந்தும் நேச நாடுகள் முற்றுகையை விலக்கவில்லை. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். எலும்பும் தோலுமான ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படத்தை அச்சிட்டு லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்தார் ஜெப். தணிக்கை அனுமதி வாங்காததால் கைது, 5 பவுண்டு அபராதம். வழக்கு முடிந்ததும் எதிர்த்து வாதாடிய அரசு வழக்கறிஞரே தன் பையிலிருந்து 5 பவுண்டை எடுத்துக் கொடுத்தார். 'சேவ் த சில்ட்ரன்' அமைப்புக்கு வந்த முதல் நன்கொடை என்று இதைச் சொல்வார்கள். எதிரி நாட்டுப் பிள்ளைக்கா காசு என்று கோபத்தோடு கூட்டத்துக்கு வந்தவர்களும் இருந்தார்கள்.

ஜெப்பிடம் எனக்குப் பிடித்தது அதற்கடுத்து அவர் செய்ததுதான். இரக்கம் ஒரு சீசன் சரக்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஜெனீவாவுக்கு மேலே இருக்கும் சலேவ் மலைக்கு ஏறிப்போய், ஐந்தே அம்சங்களில் குழந்தைகளுக்கான சாசனத்தை வரைந்தார் என்பார்கள். 1924இல் உலக நாடுகள் சங்கம் அதை ஏற்றது. ஆபத்துக் காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே என்றது மூன்றாவது அம்சம். பிழைக்க வழி செய்து கொடு, சுரண்ட விடாதே என்றது நான்காவது.

இன்னொரு மலை எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே தெரியும். கள்ளக்குறிச்சியில் வளர்ந்த எவருக்கும் மேற்கே பார்த்தால் கல்வராயன்தான். மேகம் அருவிக்கும் கோமுகி அணைக்கும் போவோம், வருவோம். மேலே யார் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று வீட்டில் யாரும் பேசியதாக நினைவில்லை.

மலையாளிப் பழங்குடிகளின் அந்த மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என மூன்று ஜாகிர்களாக இருந்தது. நிலம் ஜாகிர்தாருடையது. உழுதவர் வரி கட்டினார், கூலியில்லாமலும் வேலை செய்தார். இரண்டு லாக் ஃபைலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் தொழில் புத்தி. அப்படிப் பார்த்தால்: 1948இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம், மலையில் ஜாகிர். 1959இல் ஐ.நா.வின் குழந்தை உரிமைப் பிரகடனம், மலையில் ஜாகிர். 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தபிறகும் ஜாகிர். 1976இல்தான் அரசு மலையை எடுத்துக்கொண்டது. ஜெனீவா சாசனத்துக்கு அப்போது 52 வயது!

பன்னிரண்டாம் வகுப்பில் என் பெஞ்சில் ஒரு மலைப் பையன். கணக்கில் என்னைவிடக் கெட்டி. கல்லூரி விண்ணப்பத்துக்கு சாதிச் சான்றிதழ் வேண்டும். அவனோடு நானும் ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தாத்தா காலத்துப் பட்டா, பத்திரம் ஏதாவது இருக்கா என்று கேட்டார்கள். "எங்ககிட்ட ஏது சார் காகிதம்? ஜாகிர்தாருக்கு வேலை செஞ்சதுக்கு யாரு ரசீது கொடுத்தா?" என்றார் அவன் அப்பா. கேட்டவர் சிரித்தார். மூன்று முறை அலைந்தார்கள். கவுன்சலிங் முடிந்துவிட்டது. நான் பொறியியலுக்குப் போனேன், அவன் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போனான்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது ஊருக்கு வந்தேன். தெரு முழுக்க கேமரா. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய், 5 லட்சம் வைப்புத்தொகை, படிப்புச் செலவு என அரசு அறிவித்தது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஜெப்பின் மூன்றாவது அம்சம் அது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலையின் சாலை, பள்ளி, மருத்துவம் பற்றிக் கேள்வி கேட்டது. நான்காவது அம்சத்துக்கு மலையின் முறை வருவதற்குக் கீழே இத்தனை பிணம் விழ வேண்டியிருந்தது. மாதம் 800 ரூபாய் அனுப்பும் என் கணக்கில் இதெல்லாம் எங்கே வரும் என்று எனக்குப் பிடிபடவில்லை. பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் முகம் கிடையாது, டேப்லெட்டில் காட்ட முடியாது.

அந்த முறை வெள்ளிமலைக்குப் போய் அவனைப் பார்த்தேன். ஊர் திரும்பி மரவள்ளி போட்டிருந்தான். மகள் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பதாவது. அவள் படிப்புக்கு ஏதாவது செய்கிறேன் என்றேன்.

"காசெல்லாம் வேணாம்டா. நீ கம்ப்யூட்டர் ஆளுதானே, இவளுக்கு சர்டிபிகேட்டுக்கு ஆன்லைன்ல போட்டுக் குடு."

திண்ணையில் லேப்டாப்பைத் திறந்தேன். சிக்னல் வந்து வந்து போனது. பெயர், பிறந்த தேதி, ஊர் வரைக்கும் அவளே கடகடவென்று சொன்னாள். அடுத்து, தந்தையின் சாதிச் சான்றிதழை இணைக்கவும் என்றது. நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.