உடல் எரிக்கும் கணக்கு



விருதுநகரிலும் சிவகாசியிலும் காலை வேளையில் நடைப்பயிற்சி செய்வோர் பலர் கைக்கடிகாரத்தையோ கைப்பேசியையோ துணையாகக் கொண்டு நடக்கின்றனர். நடை முடிந்ததும் அக்கருவி, இத்தனை கலோரி எரிந்தது என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. நெடுங்காலம் பள்ளியில் பாடம் சொன்னவனாகிய எனக்கு, ஓர் எண்ணைக் கண்டால் அது எவ்வாறு வந்தது என்று கேட்கும் பழக்கம் உண்டு. இந்த எண்ணின் வரலாற்றைத் தேடிச் சென்றால், அது பாரிசில் தொடங்கி, சென்னை வழியாக, நம் முன்னோர் பசியால் மடிந்த ஒரு பஞ்சகாலத்தையும் தொட்டு நிற்கிறது. அதனையே இன்று சொல்ல விழைகிறேன்.

கலோரி என்பது வெப்பத்தின் அளவு. ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடாக்க வேண்டிய வெப்பமே உணவைப் பற்றிப் பேசும்போது நாம் குறிப்பிடும் கலோரியாகும். உடலில் அவ்வெப்பம் எப்படிப் பிறக்கிறது? பட்டாசு வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குதல் எளிது. கரியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்ததே கருமருந்து. கரி எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்பு தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆகையால் அது நொடிப்பொழுதில் எரிந்து முடிகிறது. நம் உடலோ பிராணவாயுவைச் சிறிது சிறிதாக மூச்சின் வழியே பெற்று, உண்ட உணவை நாள் முழுவதும் மெல்ல எரிக்கிறது. எனவே, ஒருவன் உட்கொள்ளும் பிராணவாயுவை அளந்தால் அவன் உடலில் எரியும் தீயையும் அளந்துவிடலாம். ஒரு லிட்டர் பிராணவாயு செலவானால் ஏறத்தாழ 5 கலோரி வெளிப்படும்.

இவ்வுண்மையின் அடிப்படையைக் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் லவாசியே. அவர் 1775 முதல் தம் நாட்டு வெடிமருந்து நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர் என்பது நம் வட்டாரத்தார்க்குச் சுவையான செய்தி. 1780களின் தொடக்கத்தில் அவரும் லப்லாசும் கினிப்பன்றி என்னும் சிறு பிராணியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, உருகிய பனிக்கட்டியையும் அப்பிராணி வெளியிட்ட கரியமிலவாயுவையும் அளந்தனர். சுவாசமும் ஒருவகை எரிதலே என்னும் முடிவுக்கு வந்தனர். பின்னர் செகன் என்பவரைக் காலால் எடை தூக்கச் செய்து பார்த்தபோது, உழைக்கும்போது பிராணவாயுச் செலவு மிகுவதும் தெரியவந்தது. நூறாண்டுகளுக்குப் பின், 1890களில், அமெரிக்காவில் அட்வாட்டர் என்பவர் மனிதரைப் பல நாட்கள் உள்ளே வாழச் செய்து அவர்தம் வெப்பத்தை அளக்கும் அறை ஒன்றை அமைத்தார். அவருடன் பணியாற்றிய பெனடிக்ட், பிற்காலத்தில் பாஸ்டன் நகரத்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் தலைவரானார்.

இங்கே நம் நாடு வரலாற்றினுள் நுழைகிறது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியின் ஆசிரியை எலினார் மேசன், பெனடிக்டுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்கள் ஓய்வாயிருக்கும்போது அவர்தம் உடல் எரிக்கும் அளவை ஆராய்ந்து 1931இல் வெளியிட்டார். அது மேனாட்டு அட்டவணைகள் சொன்ன அளவைவிடக் குறைவாக இருந்தது. அயல்நாட்டு உடலை அளந்து எழுதிய அட்டவணை நம் உடலுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இது சான்று. இவ்வேறுபாடு இனத்தால் வந்ததன்று, பெரும்பாலும் உடலின் பருமனாலும் தசையின் அளவாலும் வந்ததே என்று பிற்காலத்து ஆய்வாளர்கள் விளக்கினர்.

இனி எளிய கணக்கு ஒன்றைக் கற்றுக்கொள்வோம். ஓய்வாக இருக்கும் மனித உடல், ஒரு கிலோகிராம் எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 கலோரி எரிக்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அது ஏறத்தாழ மூன்றரை மடங்காகிறது. 50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் ஒரு மணி நேரம் நடந்தால், 50 × 3.5 = 175 கலோரி. ஆனால் வீட்டில் சும்மா அமர்ந்திருந்தாலும் அவர் 50 கலோரி எரித்திருப்பார் அன்றோ? ஆதலின் நடையால் கூடுதலாக எரிந்தது 125 கலோரியே. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 25 கிராம் தின்றால் அது ஏறக்குறைய ஈடாகிவிடும்.

இதே கணக்கை ஒரு பழைய துயரத்தின் மீது வைத்துப் பார்ப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் மக்கள் வழங்கினர். 1877இல் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைக்க எண்ணி, நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று விதித்தார். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். அத்தனை அரிசி தருவது சுமார் 1,600 கலோரி.

50 கிலோகிராம் எடையுள்ள கூலியாள் நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் 50 × 24 = 1,200 கலோரி செலவாகும். மண்வெட்டும் வேலை ஓய்வைப்போல் ஐந்து மடங்கு எரிப்பது. எட்டு மணி நேரம் வெட்டினான் என்று கொண்டால் 2,000 கலோரி. எஞ்சிய பதினாறு மணி நேரத்துக்கு 800 கலோரி. ஆக 2,800. பெற்றதோ 1,600. குறையும் 1,200 கலோரியை எங்கிருந்து எடுப்பான்? தன் கொழுப்பையும் தசையையும் எரித்தே ஈடுசெய்வான். அவை தீர்ந்தால் உயிரும் தீரும்.

இக்கணக்கு அன்று பரவலாக வழக்கில் இல்லை. எனினும் மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், கண்கூடாகக் கண்ட மெலிவையும் சாவையும் எடுத்துக்காட்டி, ஒன்றரை ராத்தல் தானியமும் அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். அவ்வாண்டிலேயே மாகாண அரசு ஓரளவு இணங்கிக் கூலியை உயர்த்தியது. ஆயினும் அப்பஞ்சத்தில் நாட்டில் மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஒருவனுடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டால் விளைவது யாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் கண்கள் திறந்தன. 1918இல் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சி, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அதன் இயக்குநர் அய்க்ராய்டு, நம் உணவுப் பொருள்களின் சத்துகளை அட்டவணையிட்டு 1937இல் வெளியிட்டார். அந்நிலையம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 2020இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவின்படி, 65 கிலோகிராம் எடையுள்ள ஆண், அமர்ந்த வேலை செய்தால் நாளொன்றுக்கு 2,110 கலோரியும், கடின உழைப்பாளியாயின் 3,470 கலோரியும் வேண்டும். 55 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு இவை 1,660, 2,720. சிவகாசியில் அமர்ந்து காகிதக் குழாய் சுற்றுவோருக்கும், சரக்குப் பெட்டிகளை நாள் முழுவதும் சுமந்து லாரியில் ஏற்றுவோருக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வெண்களிலிருந்தே உணரலாம். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் தொடங்கினார். பசித்த வயிறு பாடம் கேளாது என்னும் எளிய உண்மையே அதற்கு அடிப்படை.

மாணவர்களே! உங்கள் கடிகாரம் காட்டும் எண், பலரை அளந்து பெற்ற சராசரியிலிருந்து கணித்த மதிப்பீடே. உங்கள் எடை, வயது, தசையின் அளவு, நடக்கும் தரை, அன்றைய வெயில் ஆகியவற்றால் அது கூடவும் குறையவும் கூடும். ஒரே வழியில், ஒரே வேகத்தில் நடந்து, இம்மாத எண்ணைச் சென்ற மாத எண்ணோடு ஒப்பிட்டால் பயன் உண்டு. கடைசி இலக்கம் வரை நம்பி உணவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டா. வளரும் பருவத்தினர் மெலிய வேண்டும் என்னும் ஆசையால் பட்டினி கிடத்தல் கூடவே கூடாது.

நாம் விரும்பி நடந்து எரிக்கும் 125 கலோரியை எண்ணும்போது, வயிற்றுக்காக உழைத்து 2,000 கலோரி எரிப்பவரையும் ஒருகணம் எண்ணுங்கள். அவருடைய தட்டில் அதற்குரிய சோறும் பருப்பும் இருக்கின்றனவா என்று கேட்பதே இக்கணக்கைக் கற்றதன் பயனாகும்.