வெள்ளைக் குதிரை மறைத்த கதை

1923 ஏப்ரல் 28 சனிக்கிழமையன்று லண்டனின் வடமேற்கில் உள்ள வெம்ப்ளியில் போல்டன் வாண்டரர்ஸ், வெஸ்ட் ஹாம் யுனைட்டெட் என்ற இரு தொழில்முறைக் கழகங்கள் மோதிய எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை, வென்ற அணியின் பெயரைச் சொல்லி இங்கிலாந்தில் யாரும் குறிப்பிடுவதில்லை. அது ‘வெள்ளைக் குதிரை இறுதி ஆட்டம்’ என்றே வழங்குகிறது. அந்தக் குதிரை உண்மையில் வெள்ளையும் அன்று. சாம்பல் நிறக் குதிரை. அன்றைய கறுப்பு-வெள்ளைச் செய்திப்படச் சுருளில் அது வெள்ளையாகப் பதிவானதும், அந்தப் படமே பின்னர் நாட்டின் நினைவாக நிலைத்ததும், ஒரு நிர்வாகத் தோல்வி அழகான கதையாக மாறிப்போன விதத்தை ஆராய்வதற்கு நல்ல தொடக்கப் புள்ளிகளாகும்.

எஃப்.ஏ. கோப்பை என்பது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1871இல் தொடங்கிய போட்டியாகும். ஆண்டு முழுவதும் புள்ளிகள் சேர்த்து நிலை பெறும் லீக் முறையைப் போலன்றி, இதில் தோற்ற அணி அத்துடன் வெளியேறிவிடும் என்பதால், கீழ்நிலை அணியும் சில நல்ல பிற்பகல்களின் துணையோடு இறுதி ஆட்டம் வரை ஏறி வர முடியும். 1923இல் அப்படி ஏறி வந்தது வெஸ்ட் ஹாம். தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் கட்டும் ஆலையின் தொழிலாளர்கள் 1895இல் அமைத்த அணியிலிருந்து 1900இல் உருவான அக்கழகம் அப்போது இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. எதிரணியான போல்டனோ லங்காஷயரின் பஞ்சாலை நகரமொன்றில், தேவாலயத்து ஞாயிறு பள்ளியிலிருந்து 1874இல் முளைத்து, முதல் டிவிஷனில் காலூன்றிவிட்ட கழகம். ஆலைகளும் கப்பல் துறைகளும் சனிக்கிழமை நண்பகலில் தொழிலாளர்களை விடுவித்த காலத்தில், அந்த அரை நாள் விடுமுறையைப் பெருமளவில் கைப்பற்றிக்கொண்டது கால்பந்துதான்.

ஆட்டம் நடந்த அரங்கம் கால்பந்துக்காக மட்டும் எழுப்பப்பட்டதன்று. 1924இல் நடக்கவிருந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியின் மையமாக, ஏறத்தாழ 7,50,000 பவுண்டு செலவில், 300 நாள்களில் கான்கிரீட்டால் அது கட்டி முடிக்கப்பட்டது. (ஈஃபில் கோபுரத்தை விஞ்சும் உயரத்துக்குத் திட்டமிட்டு, முதல் தளத்தோடு கைவிட்டு, பின்னர் இடித்துத் தள்ளிய கோபுரம் ஒன்று முன்பு நின்ற நிலம் அது, பேராசைக்குப் பழகிய மண் என்று சொல்லத் தோன்றும்.) இறுதி ஆட்டத்துக்குச் சில நாள்களுக்கு முன்புதான் வேலை முடிந்தது. பார்வையாளர் நிற்கும் படித்தளங்களின் உறுதியைச் சோதிக்க ஒரு காலாட்படைப் பிரிவை அவற்றின் மீது நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கான்கிரீட் தாங்குமா என்பதைச் சோதித்தவர்கள், வாயில்கள் தாங்குமா என்பதைச் சோதிக்கவில்லை.

தவறின் வேர் நுழைவுச் சீட்டு முறையில் இருந்தது. முந்தைய மூன்று இறுதி ஆட்டங்களும் லண்டனின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் நடந்தபோது ஒருமுறைகூட அது நிரம்பி வழியவில்லை. 1920இல் சுமார் 50,000 பேரும், 1921இல் சுமார் 73,000 பேரும் வந்திருந்தனர். ஏறத்தாழ 1,27,000 பேர் கொள்ளும் புதிய அரங்கம் நிரம்பாமல் போய்விடுமோ என்பதே அமைப்பாளர்களின் கவலையாக இருந்தது. ஆகவே, இருக்கைகளுக்கு மட்டும் முன்கூட்டிச் சீட்டு விற்றுவிட்டு, நின்று பார்க்கும் பெரும்பகுதியை, அன்றே வந்து சுழல்வாயிலில் காசு கொடுத்து நுழைபவர்களுக்கு விட்டுவைத்தார்கள். அரங்கத்தைப் பற்றி ஊரெங்கும் விளம்பரமும் செய்தார்கள். ஒரு முறைக்கு ஒருவரை மட்டும் உள்ளே விடும் சுழல்வாயில், வந்தவர்களை எண்ணிச் சொல்லுமே தவிர, இனி வரப்போகிறவர்களைத் தடுத்து நிறுத்தாது. லண்டன் அணி ஒன்று இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்ததும், நல்ல வெயில் அடித்த வசந்தகாலச் சனிக்கிழமை அமைந்ததும் கணக்கில் சேரவே இல்லை.

காலை 11.30 மணிக்கு வாயில்கள் திறக்கப்பட்டன. பிற்பகல் 1.45 மணிக்கு அவற்றை மூட உத்தரவிட்டபோது, ரயில்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் ஆள்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தன. மூடிய வாயிலின் முன் நின்றவர்கள் மதில் ஏறிக் குதித்தனர். தடுப்புகளைத் தள்ளிச் சாய்த்தனர். பின்னாலிருந்து வந்த அழுத்தம் தாங்காமல் முன்வரிசையில் நின்றவர்கள் நசுங்காமல் தப்ப ஒரே வழியாக ஆடுகளத்துக்குள் இறங்கினர். அதிகாரப்பூர்வக் கணக்கு 1,26,047 பேர். உண்மையில் உள்ளே இருந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. ஆட்டம் தொடங்க வேண்டிய மூன்று மணிக்குப் புல் கண்ணில் படவில்லை. இரு கோல் கம்பங்களுக்கும் இடையில் தொப்பிகளின் கடல்தான் தெரிந்தது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வந்து அமர்ந்ததும் அதே கூட்டம் தொப்பியைக் கழற்றி நாட்டுப்பண் பாடியது என்பதும், அடுத்த நிமிடமே மீண்டும் அசைய இடமின்றி நின்றது என்பதும் அன்றைய கூட்டத்தின் இயல்பைக் காட்டுகின்றன. அது கலகக் கூட்டமன்று. போக இடமில்லாத கூட்டம்.

அந்நிலையில்தான் குதிரைப் போலீசார் வந்தனர். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஸ்கோரி முன்னாள் படைவீரர். கால்பந்தில் நாட்டம் இல்லாதவர். அவரது குதிரையின் பெயர் பில்லி. அது முகத்தாலும் வாலாலும் மெல்ல நெட்டித் தள்ள, முன்வரிசையினரைக் கைகோத்துக்கொண்டு அடியடியாகப் பின்வாங்கச் சொன்னதாகவும், எல்லைக்கோட்டை அடையும் வரை அப்படியே நகர்த்தியதாகவும் ஸ்கோரி பின்னாளில் விவரித்தார். அன்று களத்தில் இருந்த மற்றக் குதிரைகள் கரு நிறமும் பழுப்பு நிறமும் கொண்டவை. கருந்திரளாய் நின்ற கூட்டத்துக்கு நடுவே அவை படச்சுருளில் கரைந்து போயின. பில்லி மட்டும் துலங்கியது. பல காவலர்களும், வேறு பல குதிரைகளும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டத்தின் பொறுமையும் சேர்ந்து செய்த வேலை, ஒரு குதிரையின் பெயரில் வரவு வைக்கப்பட்டது.

முக்கால் மணி நேரத் தாமதத்துக்குப் பின் ஆட்டம் தொடங்கியபோது, பார்வையாளர்களே எல்லைக்கோடாக நின்றிருந்தனர். இரண்டாம் நிமிடத்தில் போல்டனின் டேவிட் ஜாக், வெம்ப்ளியின் முதல் கோலை அடித்தார். அப்போது வெஸ்ட் ஹாம் ஆட்டக்காரர் ஜாக் ட்ரெசடெர்ன், பக்கவாட்டிலிருந்து பந்தைக் கையால் எறிந்துவிட்டுக் கூட்டத்தில் சிக்கி, களத்துக்குள் திரும்ப முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் கூட்டம் மீண்டும் உள்ளே சரிய ஆட்டம் நின்றது. இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குப் போக வழியில்லாததால் இரு அணிகளும் களத்திலேயே நின்று, சில நிமிடங்களில் பக்கம் மாறி ஆடின. 53ஆம் நிமிடத்தில் போல்டனின் ஜாக் ஸ்மித் அடித்த இரண்டாவது கோலில், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது என்று வெஸ்ட் ஹாம் வாதிட, வலைக்குள் போய், வலையை ஒட்டி நின்றவர்கள் மீது மோதித் திரும்பியது என்று நடுவர் முடிவு செய்தார். விளிம்புகளில் வேகமாக ஓடி ஆடுவதையே பலமாகக் கொண்டிருந்த வெஸ்ட் ஹாமின் பயிற்சியாளர், புல்லைக் குழியாக்கிய குளம்புகள் மீது பழியைப் போட்டார். அந்தக் குதிரையைக் குறைசொன்ன குரல் அநேகமாக அது ஒன்றே. கோப்பையைப் பெற்ற போல்டன் கேப்டன் ஜோ ஸ்மித், முப்பது ஆண்டுகளுக்குப் பின் பிளாக்பூல் அணியின் மேலாளராக இதே வெம்ப்ளிக்கு வந்து, இதே போல்டனை 4–3 என்று வீழ்த்தியது தனிக்கதை.

சுமார் ஆயிரம் பேர் காயமுற்றும் ஒருவரும் உயிரிழக்காதது பெரும் நற்பேறு. பின்வந்த தாமதங்களுக்கு அந்த நற்பேறே காரணமாயிற்று எனலாம். இருக்கைச் சீட்டு வாங்கியும் இடம் கிடைக்காதவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் இறுதி ஆட்டத்துக்கு முன்கூட்டி விற்ற சீட்டு இன்றி அனுமதி இல்லை என்றானது. முன்னாள் உள்துறை அமைச்சர் எட்வர்ட் ஷார்ட் தலைமையில் அரசு அமைத்த குழு 1924இல் அறிக்கை அளித்தது. அதன் முன் சாட்சியமளிக்கக் கால்பந்துச் சங்கம் முன்வரவில்லை. குழுவும், அரங்கங்களுக்கு உரிமம் வழங்கும் சட்டத்தை வற்புறுத்தாமல், விளையாட்டுச் சங்கங்களே பொறுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. வெம்ப்ளி தன்னைத் திருத்திக்கொண்டது. மற்ற மைதானங்கள் அப்படியே இருந்தன.

அவற்றுள் ஒன்று, போல்டன் வாண்டரர்ஸின் அன்றைய சொந்த மைதானமான பர்ன்டன் பார்க். 1946 மார்ச் 9 அன்று ஸ்டோக் சிட்டியுடன் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்குக் கொள்ளளவை மீறி ஆள்கள் திரண்டனர். அங்கும் வாயில்கள் தாமதமாகவே மூடப்பட்டன, அங்கும் மூடிய பின் ஏறிக் குதித்தனர். நெரிசலிலிருந்து மகனோடு வெளியேற முயன்ற ஒருவர் பூட்டிய வாயிலொன்றைத் திறக்க, அதன் வழியே மேலும் பலர் உள்ளே புகுந்தனர். தடுப்புக் கம்பிகள் முறிந்து 33 பேர் இறந்தனர். அரங்கப் பாதுகாப்புக்கான சட்டம் நிறைவேற, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1971இல் மேலும் 66 உயிர்கள் போய், 1975ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. பர்ன்டன் பார்க்கில் உடல்களைத் துணியால் மூடி எல்லைக்கோட்டை ஒட்டிக் கிடத்திவிட்டு, மரத்தூளைத் தூவிப் புதுக்கோடு வரைந்து, நின்றுபோன ஆட்டத்தை அன்றே தொடர்ந்தார்கள். அன்று இடைவேளையும் விடப்படவில்லை. 1923இல் போலவே அணிகள் களத்திலேயே பக்கம் மாறி ஆடின.

(தொடரும்)