சி சென்டரிலிருந்து சட்டமன்றத்துக்கு: விஜயகாந்தும் விருத்தாசலமும்

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்கு ஒரு சாலை செல்கிறது. அச்சாலையின் ஒரு முனையான விருத்தாசலத்தில், நடிகரும் தயாரிப்பாளருமான விஜயகாந்த் 2006இல் தம் முதல் தேர்தல் வெற்றியைப் பெற்றார். மறுமுனையான உளுந்தூர்ப்பேட்டையில் 2016இல் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். மதுரையைச் சேர்ந்த அவருக்கு இவ்வட்டாரத்தில் பிறப்பாலோ உறவாலோ பிடிப்பு இருந்ததில்லை. இருந்த பிடிப்பு திரையரங்குகள் வழியே வந்தது.

திரைப்பட வணிகத்தில் பெருநகரத் திரையரங்குகளை ‘ஏ சென்டர்’ என்றும், அடுத்த நிலை நகரங்களை ‘பி’ என்றும், சிற்றூர்களின் கொட்டகைகளை ‘சி’ என்றும் வகுப்பது வழக்கம். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு ஆகிய பழைய மாவட்டங்கள் சேர்ந்த விநியோகப் பகுதிக்கு ‘என்.எஸ்.சி. ஏரியா’ என்று பெயர். விருத்தாசலம் வட்டாரம் அதனுள் அடங்கியது. பீங்கான் சூளைகளில் பொம்மையும் மின் ஃப்யூஸ் கட்டையும் சுட்டெடுக்கும் தொழிலாளர்களும் முந்திரி, கரும்பு விவசாயிகளும் வாழும் இத்தகைய பகுதிகளே விஜயகாந்தின் படங்களுக்கு உறுதியான சந்தையாக இருந்தன.

அரிசி ஆலை நடத்திய குடும்பத்தில் 1952இல் பிறந்து, ‘இனிக்கும் இளமை’ (1979) வழியாகத் திரைக்கு வந்த அவரை நிலைநிறுத்தியது எஸ்.ஏ. சந்திரசேகரின் ‘சட்டம் ஒரு இருட்டறை’ (1981). திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூடி எடுத்த ‘ஊமை விழிகள்’ (1986) படத்தில், நாயகனுக்குரிய இளமைத் தோற்றத்தை விட்டுவிட்டு, வயது முதிர்ந்த காவல் அதிகாரி தீனதயாளனாக நடிக்க அவர் ஒப்புக்கொண்டது, முன்னணி நடிகர் எவரும் அன்று எளிதில் எடுக்காத முடிவு. மதுரை நண்பர் இப்ராகிம் ராவுத்தரின் தயாரிப்பில், ஆர்.கே. செல்வமணி இயக்கி வெளிவந்த நூறாவது படம் ‘கேப்டன் பிரபாகரன்’ (1991) அவருக்குக் ‘கேப்டன்’ என்ற பட்டப்பெயரைத் தந்தது. பின்னர் ‘வல்லரசு’ (2000) முதலிய படங்களைத் தயாரித்த சொந்த நிறுவனத்துக்கும் கேப்டன் சினி கிரியேஷன்ஸ் என்றே பெயர் அமைந்தது. நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நட்சத்திரக் கலைவிழாக்கள் நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தார். ஆட்களைத் திரட்டி ஒரு காரியத்தை முடிக்கும் இந்தத் தயாரிப்பாளர் திறமை, அவருடைய மேடைப் பேச்சைக் காட்டிலும் அரசியலுக்குக் கூடுதலாக உதவியது எனலாம்.

2005 செப்டம்பரில் மதுரையில் தே.மு.தி.க. என்ற தம் கட்சியைத் தொடங்கிய அவர், மறு ஆண்டே தமிழகம் முழுவதும் தனித்துப் போட்டியிட்டார். எட்டு விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகள் கிடைத்தும், கட்சி வென்ற ஒரே இடம் விருத்தாசலம். அதுவும் பாட்டாளி மக்கள் கட்சி வலுவாக வேரூன்றிய மண்ணில், அக்கட்சியின் வேட்பாளரையே தோற்கடித்து வென்ற இடம். சாதிக் கணக்கை மட்டும் கொண்டு வட மாவட்டத் தேர்தல்களை விளக்குவோருக்கு இம்முடிவு இன்றும் இடறலாகவே இருக்கிறது.

தொகுதி உறுப்பினராக இருந்தபோது அவர் இயக்கி நடித்த ஒரே படமான ‘விருதகிரி’ (2010), விருத்தாசலத்தின் பழம்பெயரைத் தாங்கியிருந்தாலும், கதை நகர்வதோ ஆஸ்திரேலியாவில். சூளைப் புகை அதில் எட்டிப்பார்க்கவில்லை. 2011இல் அவர் ரிஷிவந்தியத்துக்கு மாறி வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். விருத்தாசலம் அப்போதும் அவர் கட்சிக்கே கிடைத்தது. 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2021இல், மனைவி பிரேமலதா அதே விருத்தாசலத்தில் நின்றபோது, போட்டி காங்கிரசுக்கும் பா.ம.க.வுக்கும் இடையே முடிந்து, அவர் மூன்றாம் இடம் பெற்றார்.