மில்லுக்குள் பிள்ளைகள்

போன மாதம் என் தங்கை மகன் நடத்தும் எண்ணெய்ச் செக்குக்குப் போயிருந்தேன். மரச்செக்குதான். ஆனால் மாட்டுக்குப் பதில் மோட்டார். அவனுடைய எட்டு வயதுப் பையன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சுற்றிவரும் உலக்கையின் ஓரமாக எள்ளைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான்.

"முதல்ல மோட்டாரை நிறுத்துப்பா" என்றேன்.

"என்ன மாமா, நம்ம கடைதானே? லீவு நாள். செல்போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்றதுக்கு இது தேவலை. நீங்களே மில்லுல வளர்ந்தவர்தானே?"

வாஸ்தவம்தான். அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் மனசு கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு சின்ன ரைஸ் மில்லில் இன்ஜின் டிரைவர். ஆயில் இன்ஜின், இரண்டு பக்கமும் ஆள் உயரச் சக்கரம். அதிலிருந்து ஒரு பெரிய பெல்ட் நீளமான ஷாஃப்டைச் சுற்றும். அந்த ஷாஃப்டிலிருந்து ஹல்லருக்கு ஒரு பெல்ட், சல்லடைக்கு ஒரு பெல்ட், எலிவேட்டருக்கு ஒரு பெல்ட். ஒரே இன்ஜின் எல்லாவற்றையும் ஓட்டியது. ஆகவே எங்கே என்ன சிக்கினாலும் முழு மில்லும் நின்றால்தான் அதுவும் நிற்கும். அந்தக் கனத்த சக்கரமோ எண்ணெயை அடைத்த பிறகும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்குக் காப்பித் தூக்கு எடுத்துக்கொண்டு போவேன். களத்தில் நெல் காயவைக்கும் பெண்களின் பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்களுக்கு ஒரு விளையாட்டு. ஓடும் பெல்ட்டின் மேல் வைக்கோலைப் போட்டால் அது பறந்துபோய்ச் சுவரில் அடிக்கும். யார் வைக்கோல் உயரப் போகிறது என்று பந்தயம்.

1961இல், எனக்குப் பத்து வயது. களத்தில் வேலை செய்த ஒரு அம்மாவின் மகன், என்னைவிட ஒரு வயது சின்னவன், தோளில் துண்டோடு வந்தான். வைக்கோலைப் போடக் குனிந்தபோது துண்டின் நுனி ஷாஃப்டின் கப்ளிங் போல்ட்டில் மாட்டிக்கொண்டது. அப்பா ஓடிவந்து இன்ஜினை அணைத்தார். சக்கரம் நிற்பதற்குள் அவன் வலது கை போய்விட்டது. உயிர் பிழைத்தான்.

மில் முதலாளி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பையனை யார் உள்ளே வரச் சொன்னது?" ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்ததோடு சரி. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923இலிருந்தே இருந்தது. ஆனால் அது வேலை செய்பவருக்குத்தான். பையன் வேலைக்காரன் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். மில்லில் இயந்திரத்துக்கு அடிபட்ட ஆளுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, அடிபட்ட பிள்ளைக்கு இல்லை.

பிற்காலத்தில் நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒர்க்ஷாப்பிலேயே கழித்தேன். அப்போது தொழிற்சாலைச் சட்டங்களைத் தேடித் தேடிப் படித்தேன். ஏன் என்று அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நூற்பாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பட்டு ஆலைக்கு மட்டும் விலக்கு. 1844இல்தான் இயந்திரத்துக்கு வேலி வேண்டும், ஓடும் இயந்திரத்தைப் பிள்ளைகள் துடைக்கக் கூடாது என்ற விதிகள் வந்தன. அதாவது, முதலில் பார்த்தது வயதையும் நேரத்தையும். சுற்றும் ஷாஃப்டைச் சட்டம் கவனிக்க இன்னும் பதினோரு வருஷம் ஆயிற்று.

நம் நாட்டில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல், ரிப்பன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்தது. பம்பாயில் சொராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி போன்றவர்கள் இதற்காக வாதாடினார்கள். பம்பாய் ஆலைகளின் போட்டியைப் பொறுக்காத லங்காஷயர் முதலாளிகளின் நெருக்கடியும் இருந்தது. எந்த நோக்கத்தில் வந்தாலும் சட்டம் சட்டம்தான். ஆனால் அது என்ன சொன்னது? ஏழு வயது நிறைந்த பிள்ளை வேலை செய்யலாம். பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம். ஒன்பது மணி நேரம் என்பதுதான் அன்றைய சலுகை!

அப்புறம் மெதுவாக ஏறியது. 1891இல் குறைந்தபட்ச வயது ஒன்பது. 1922இல் பன்னிரண்டு. 1948இல் பதினான்கு. 1950இல் நம் அரசியலமைப்பின் 24ஆவது பிரிவும் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் வைக்கக் கூடாது என்றது. ஏழிலிருந்து பதினான்குக்கு வர 67 வருஷம்.

இன்னொரு எண்ணும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. எத்தனை பேர் வேலை செய்தால் அது 'தொழிற்சாலை'? 1881இல் நூறு பேர். 1891இல் ஐம்பது. 1922இல் இருபது. 1948இல், மின்சாரம் அல்லது இன்ஜின் ஓடும் இடமானால், பத்து. அப்பா வேலை பார்த்த மில்லில் உள்ளே இருந்தவர்கள் ஐந்து பேர். ஹல்லருக்கோ ஷாஃப்டுக்கோ ஆள் கணக்கு தெரியுமா? ஐந்து பேர் இருந்தாலும் ஐந்நூறு பேர் இருந்தாலும் அது ஒரே மாதிரிதான் இழுக்கும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது 103ஆவது பிரிவு. இயந்திரம் ஓடும்போது, சாப்பாட்டு இடைவேளை தவிர்த்த நேரத்தில், ஒருவர் தொழிற்சாலைக்குள் இருந்தால், வேறு மாதிரி நிரூபிக்கும் வரை அவர் அங்கே வேலை செய்பவர் என்றே அந்தச் சட்டம் கொண்டது. "வேடிக்கை பார்க்க வந்தான்" என்று முதலாளி சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டியிருந்தது. அதே சட்டத்தின் 48ஆவது பிரிவு, ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. பின்னர் அது முப்பது ஆயிற்று. பிள்ளையை உள்ளே வராதே என்று விரட்டினால் மட்டும் போதாது, அது இருக்க ஓர் இடமும் வேண்டும் என்பதை எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் களத்துப் பெண்களுக்கு அப்படி ஓர் அறை இருந்திருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஆனால் எல்லாச் சட்டத்திலும் ஒரு கதவு திறந்தே இருந்தது. அதன் பெயர் குடும்பம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85ஆவது பிரிவின்படி பத்துப் பேருக்குக் குறைவான இடத்தையும் மாநில அரசு தொழிற்சாலையாக அறிவிக்க முடிந்தது. ஆனால் சொந்தக்காரர் தன் குடும்பத்தாரை மட்டும் வைத்து நடத்தும் இடத்துக்கு விலக்கு இருந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றார்கள். அதிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் உதவலாம் என்று விட்டார்கள். எது ஆபத்து என்று முடிவு செய்வது, நடைமுறையில், தகப்பன்தான். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு பத்தை மறுபடி இருபதாக்கியது. இத்தனை காலம் இறங்கிவந்த எண் ஏறியிருக்கிறது.

பிரிட்டனில் 1998இல் ஒரு விதி வந்தது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வயலில் டிராக்டரை ஓட்டவும் கூடாது, அதில் ஏறிப் போகவும் கூடாது. சொந்த வயல், சொந்த அப்பா என்றாலும் இதுதான். நம் ஊரில் டிராக்டர் மட்கார்டில் பிள்ளையை உட்கார்த்திப் போகாத வீடு எது?

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை. நான் ஃபிட்டர் ஆனதே அந்த மில்லால்தான். ஹல்லர் சத்தம் மாறினால் கத்தி தேய்ந்துவிட்டது என்று பத்து வயதிலேயே சொல்வேன். இன்ஜினின் மூச்சைக் கேட்டே லோடு எவ்வளவு என்று தெரியும். எந்த ஐ.டி.ஐ.யும் அதைக் கற்றுத் தராது. தங்கை மகன் கேட்டதும் அதைத்தான்.

ஆனால் அந்த விபத்துக்குப் பிறகு அப்பா என்ன செய்தார் தெரியுமா? என்னை வீட்டோடு நிறுத்திவிடவில்லை. மில் ஓடும்போது வாசற்படியைத் தாண்டக் கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் ஆறியிருக்கும்போது உள்ளே கூட்டிப்போய் பெல்ட்டைக் கழற்றி, பேரிங்கைக் காட்டி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். நான் தொழில் கற்றது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். ஓடும்போது கற்றது வைக்கோல் விளையாட்டு ஒன்றைத்தான்.

அந்த விளையாட்டை ஆரம்பித்தவன் நான். துண்டோடு வந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான். அப்பாவிடம்கூட இதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆபத்து தெரியாது, அதனால் அது என் குற்றமில்லை என்று பிறகு யோசித்து ஆறுதல் பட்டிருக்கிறேன். அப்படியென்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியாது. இதுதான் என் பதில்.

நேற்று தங்கை மகனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரி மாமா, மோட்டார் பெல்ட்டுக்கு இரும்புக் கூடு போடச் சொல்றேன். பையன் இனி கல்லா பக்கம்தான்" என்றான். கூட்டுக்கு அளவெடுத்துக் கொடுக்க நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நம் பெரியவர்கள் ஆயுத பூஜை என்று ஒரு நாள் வைத்தார்கள். அன்று இயந்திரங்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நிறுத்தி வைப்போம். அன்று பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார்கள், யாரும் தடுப்பதில்லை. இந்த வருஷம் அன்றைக்கு அந்தப் பையனுக்குச் செக்கைக் கழற்றி மாட்டிக் காட்டப்போகிறேன்.