மொட்டைக்கழுத்துக் கோழியும் அடைகாக்கும் மரபும்

மொட்டைக்கழுத்துக் கோழி தென்னிந்திய நாட்டுக்கோழி வகைகளில் ஒன்று. உச்சந்தலையில் இறகு இருக்கும். கழுத்து வெறும் தோலாக நிற்கும். முதிர்ந்த சேவலில் அந்தத் தோல் செக்கச் செவேலென்று தெரியும். திருவனந்தபுரம் வட்டாரமே இதன் தாயகம் என்று கால்நடை நூல்கள் குறிக்கின்றன. குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறையும் அதைச் சூழ்ந்த ஊர்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை அதே ஆட்சிப்பகுதியில் இருந்தவை.

இந்திய வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழி. அது தென்கோடி மலைகளில் இயல்பாக வாழ்வதில்லை. பேச்சிப்பாறை அணைக்கு மேலுள்ள காடுகளில் கூவுவது சாம்பல் காட்டுக்கோழி. இதற்கும் வீட்டுக்கோழியில் பங்கு உண்டு: மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழி வழியே வந்தது என 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது.

கழுத்தில் இறகு முளைக்காததற்கு ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அதைப் பெற்ற கோழிக்குக் கழுத்து முழுதும் மொட்டை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றால் முன்கழுத்தில் சிறு இறகுக்கொத்து மிஞ்சும். உடல் இறகும் முன்னதில் ஏறத்தாழ 40 விழுக்காடும் பின்னதில் 20 விழுக்காடும் குறையும். உடற்சூடு எளிதில் வெளியேறுவதால் புழுக்கமான நாட்டில் இது பெரும் நன்மை.

குஞ்சு பொரிப்பது முழுக்கப் பெட்டையின் பொறுப்பு. ஈடு முடிந்ததும் பெட்டை கூட்டை விட்டு எழாமல் கொக்கரித்துப் படுக்கும். கை வைத்தால் சிலிர்த்துக் கொத்தும். அதுவே அடைக்கு வந்த அடையாளம். கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பிப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைப்பார்கள். பெட்டை அவற்றை நாளுக்குப் பலமுறை அலகால் புரட்டி, 21-ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். கரு கூடாதது கூமுட்டை. வெளிவந்த குஞ்சுகளைக் கீரியிடமும் பருந்திடமும் இருந்து காக்கப் பஞ்சாரத்தால் மூடுவார்கள்.

1920-களில் மார்த்தாண்டத்தில் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராம சீரமைப்பு மையம், ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில், கோழி வளர்ப்பைக் குடும்ப வருமானமாக்க முனைந்தது. வெள்ளை லெகார்ன் சேவல்களைக் கொண்டுவந்து நாட்டுப் பெட்டைகளோடு கலந்தது. முட்டையைக் கூட்டுறவு முறையில் விற்கவும் வழிசெய்தது. முட்டை பெருகியது, ஆனால் லெகார்ன் அடைக்கு அரிதாகவே வரும் இனம். அடைகாக்கும் நாளெல்லாம் முட்டையிடும் நாளாகும்படி அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. அதன் குஞ்சுக்கு நாட்டுப் பெட்டையோ பொரிப்பானோ வேண்டும்.

அதே பதிற்றாண்டில் ராணிக்கெட் நோய் இந்தியாவில் பரவியது. வெள்ளைக்கழிச்சல் என்று மக்கள் சொல்லும் இந்நோய் புகுந்தால் ஊர்க் கோழிகள் கூட்டமாக மடியும். பின்னர் முக்தேஸ்வர் ஆய்வு நிலையத்தில் உருவான தடுப்பூசிதான் வீட்டு வளர்ப்பைக் காப்பாற்றியது.

பிற்காலத்தில் இஸத்நகர் மத்திய பறவை ஆராய்ச்சி நிறுவனம் மொட்டைக்கழுத்தின் வெப்பம் தாங்கும் பண்பைக் கொண்டு ஹிட்காரி என்னும் கலப்பினத்தை உருவாக்கியது. மரபணுவைக் கலப்பினத்திலும் காக்கலாம். ஆனால் தானே அடைகாத்துத் தானே குஞ்சு வளர்க்கும் கோழியைக் காக்க, அடைக்கு வரும் பெட்டைகளையே விதைக்கோழியாக நிறுத்த வேண்டும். தலைமுறைகளாகக் கிராமத்துப் பெண்கள் செய்துவந்த இந்தத் தெரிவே இனத்தின் உண்மையான பாதுகாப்பு.